காலித் திரை

முதலில் பதினொரு கேள்விகள் வைத்திருந்தேன்.
ஹரிகேஷ் வெள்ளைப் பலகை முன் நின்று சொன்னான்:
கட்டைவிரலுக்குப் பொறுமை நாலு கேள்வி வரைக்கும்தான்.
அதனால் போயின
ஈரத்துண்டை நாற்காலியில் போடுவீர்களா,
அம்மா அழைத்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவீர்களா,
விடிகாலை ஐந்துக்குத் தண்ணி லாரி ஹாரன் அடித்தால்
முதலில் புரண்டு படுப்பது யார்.
மிஞ்சியவை
வாடகை, தூக்கம், சிகரெட்,
சைவமா அசைவமா.

நாலாவதுக்கு ஒரு பச்சைப் புள்ளி வரைந்தேன்.
பிஸ்கட் பாக்கெட்டில் இருக்குமே, அதே புள்ளி,
சதுரத்துக்குள்.
அழகாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்க்க ஆறு பேரைக் கூப்பிட்டோம்.
ஆம்பூர் தில்ஷாத், பெரும்பாக்கத்தில் டயாலிசிஸ் நர்ஸ்,
நைட் ஷிஃப்ட் முடிந்த கண்களோடு வந்தாள்.
போனை வாங்கினாள். புள்ளியைத் தொட்டாள், எடுத்தாள்,
மறுபடி தொட்டாள்.
இருநூற்றுப் பதினாலு பேர் ஐம்பத்தெட்டு ஆனார்கள்.
மிஞ்சிய பேர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்,
கடைசிப் பேர் வரைக்கும்.
"இத அமுக்கினா
கறி மட்டுமா மறையுது, அக்கா?" என்றாள்.
கோபமாக இல்லை,
டீ ஆறிப்போச்சு என்று சொல்வதுபோல.
குறிப்பேட்டில் நான் எழுதிக்கொண்டது:
பயனர் நான்கு, வடிகட்டி புரிகிறது.

காரப்பாக்கத்தில் எங்கள் அறையில்
ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் உடைந்து இரண்டு வருஷம்.
மெர்லின் புருவம் திருத்தும் இடுக்கியால் அதைத் திருகுவாள்,
ஐந்திலிருந்து மூன்றுக்கு.
அவள் தூங்கியதும் நான் எழுந்து, அதே இடுக்கியால்,
மூன்றிலிருந்து ஐந்துக்கு.
இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.
ஒன்றாம் தேதி அவள் கோயம்புத்தூர் போகிறாள்.
பாதி வாடகையும் பாதி இண்டக்‌ஷன் அடுப்பும் என் தலையில்.

செயலிக்குள் எங்கள் இருவரையும் போட்டுப் பார்த்தேன்.
முப்பத்தொரு சதவீதம். சிவப்பு.
ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்கள்
ஒருவர் கண்ணில் ஒருவர் படவே கூடாது என்று
எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

பிறகு என்னை மட்டும் போட்டேன், உள்ளதை உள்ளபடி.
இரண்டு மணித் தூக்கம். கருவாடு உண்டு.
வட்டம் சுற்றியது.
சுற்றி
நின்றது.

அந்தத் திரையை நான் இன்னும் வரையவில்லை.
எல்லாச் செயலியிலும் அந்த இடத்தில்
ஒரு பூதக்கண்ணாடி இருக்கும், அல்லது தலைகுனிந்த பூனை,
கீழே "அடடா!"
வீடு தேடி அலைந்த வருஷம் துரைப்பாக்கத்துச் சந்துகளில்
கேட்டுக்குக் கேட்டு அட்டை தொங்கியது, வீடு காலி என்று.
மணி அடித்தால் கிரில்லுக்குப் பின்னால் ஒரு முகம் வரும்.
எந்த ஊரு?
ஊருல எந்தப் பக்கம்?
பக்கத்தைச் சொன்னதும்
அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க
வீடு நிரம்பிவிடும்.
அடடா, நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டமே.

பூனையை அழித்தேன்.
பச்சைப் புள்ளியை இழுத்துவந்து நடுவில் வைத்து
திரை கொள்ளுமட்டும் பெரிதாக்கினேன்.
அடியில் எழுதினேன்:
"இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிறார்கள்.
நாங்கள் மறைத்து வைத்திருக்கிறோம்."
ஹரிகேஷ் நாளை ஒத்துக்கொள்ள மாட்டான்.
நீளம் என்பான் முதலில்.
பிறகுதான் மற்றதைச் சொல்வான்.

மணி இரண்டு பத்து.
எழுந்து இருட்டில் துழாவினேன், அலமாரி மேல், ஜன்னல் கட்டையில்,
சீப்புக்கு அடியில்.
கிடைத்தது. மூன்றிலிருந்து திருகினேன்.
போர்வைக்குள்ளிருந்து மெர்லின்,
தூங்காத குரலில்:
"இடுக்கிய இங்கயே விட்டுட்டுப் போறேன்டி."